வாசகர் கேள்வி – பதில்: விலையை அளந்தவர், வளர்ச்சியை ஐயுற்றவர்

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ராபர்ட் ஜே. கார்டனின் ஆய்வுப் பணி குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன.

முதுகலைப் பொருளியல் மாணவி, பாளையங்கோட்டை: கார்டனைச் சிலர் பேரினப் பொருளியலாளர் என்கிறார்கள், சிலர் விலை அளவீட்டு வல்லுநர் என்கிறார்கள். எது சரி? அவருடைய ஆய்வு எங்கே தொடங்கியது?

பதில்: இரண்டும் சரி. நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாக ஆராய்வது பேரினப் பொருளியல். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் சொன்னால் அவருடைய பணியில் பாதி விளங்காமலே போகும். 1940இல் பிறந்த கார்டனின் தந்தை ராபர்ட் ஆரன் கார்டன், தாய் மார்கரெட் கார்டன் ஆகிய இருவருமே கலிபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய பொருளியலாளர்கள். தம்பி டேவிட் கார்டனும் அதே துறைக்கு வந்தவர்தான். ஆனால் இடதுசாரிப் பொருளியலின் பக்கம் நின்றவர். ஹார்வர்டிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்த ராபர்ட் கார்டன் 1967இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, ஹார்வர்ட், சிகாகோ பல்கலைக்கழகங்களில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டு, 1973இல் நார்த்வெஸ்டர்னில் சேர்ந்தார்.

அவருடைய ஆய்வேட்டுக்கு வித்திட்டது ஒரு பேரினப் பொருளியல் புதிர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புள்ளிவிவரங்களைப் போருக்கு முந்தையவற்றோடு ஒப்பிட்டால், ஒரு டாலர் மூலதனத்திலிருந்து கிடைக்கும் உற்பத்தி ஒரே தாவலில் உயர்ந்துவிட்டதாகத் தெரிந்தது. இதற்குக் கோட்பாட்டில் விளக்கம் தேடாமல், மூலதனத்தை எண்ணிய முறையிலேயே ஓட்டை இருக்கக்கூடும் என்று ஐயுற்றார் கார்டன். ஐயம் வீண் போகவில்லை. கட்டடங்களின் விலைக் குறியீடு என்ற பெயரில் பயன்பட்டுவந்தது கட்டி முடித்த கட்டடத்தின் விலையன்று. கூலியும் கட்டுமானப் பொருள்களும் விற்ற விலைகளின் சராசரி. கட்டும் முறை மேம்பட்டு, அதே கூலிக்கும் அதே பொருளுக்கும் கூடுதல் சதுர அடி எழும்பினாலும் அந்தக் குறியீட்டுக்கு அது எட்டாது. இன்னோர் ஓட்டை போர்க்காலத்தில் விழுந்தது. அரசு தன் பணத்தில் ஆலைகளைக் கட்டி, தனியார் நிறுவனங்களிடம் நடத்தக் கொடுத்தது. ஆலை அரசின் ஏட்டிலும், அதில் விளைந்த உற்பத்தி தனியார் துறையின் ஏட்டிலும் பதிவாயின. போர் முடிந்ததும் அவற்றுள் பல அடக்கவிலையின் ஒரு பகுதிக்கே தனியாருக்கு விற்கப்பட்டன. 4,500 கோடி டாலர் மதிப்புள்ள தனியார் முதலீடு கணக்கில் தொலைந்துபோயிருக்கிறது என்று 1969இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் கார்டன் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதே.

இதன் விளைவைப் பாருங்கள். உழைப்பும் மூலதனமும் பெருகியதால் விளங்காத வளர்ச்சியையே பொருளியலார் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்று கூறித் தொழில்நுட்ப முன்னேற்றத்தின் கணக்கில் வைக்கிறார்கள். மூலதனத்தைக் குறைத்து எண்ணினால் அந்த எச்சம் ஊதிப் பெருகும். அளவீட்டுப் பிழை ஒன்று தொழில்நுட்பப் புரட்சியாக வேடம் போட்டுக்கொள்ளும். இதை இருபத்தேழு வயதுக்குள் கண்டுகொண்டவர் வாழ்நாள் முழுவதும் எண்களை ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

சிறுதொழில் உரிமையாளர், கோயம்புத்தூர்: எங்கள் பட்டறையில் இருந்த பழைய லேத்தையும் இப்போது வாங்கியிருக்கும், கணினி வழி இயங்கும் சி.என்.சி. லேத்தையும் ஒரே பொருளாக எப்படிக் கருத முடியும்? விலை பல மடங்கு கூடியதில் எவ்வளவு விலையேற்றம், எவ்வளவு தரம் என்று பிரித்துச் சொல்ல வழி இருக்கிறதா?

பதில்: கார்டன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தது இந்தக் கேள்விக்காகத்தான். எளிய வழி, மாறாத ஒரே மாதிரிப் பொருளை இரண்டு ஆண்டுகளிலும் விலை பார்த்து ஒப்பிடுவது. பழைய மாதிரி சந்தையை விட்டுப் போய்ப் புதியது வரும் அந்தத் தருணத்தில்தான் சிக்கல். புதியதன் கூடுதல் விலை முழுவதையும் விலையேற்றம் என்று எழுதினால் தரம் மறைந்துவிடும். முழுவதையும் தரம் என்று எழுதினால் விலையேற்றம் மறைந்துவிடும். இதற்கு மாற்றாக, ஒரு பொருளை அதன் பண்புகளின் தொகுப்பாகப் பார்த்து, குதிரைத்திறன், எடை, வேகம் போன்ற ஒவ்வொரு பண்புக்கும் சந்தை எவ்வளவு தருகிறது என்பதைப் புள்ளியியல் வழியில் பிரித்தெடுக்கும் முறை உண்டு. 1939இல் ஆண்ட்ரூ கோர்ட் மோட்டார் கார்களுக்கு இதைக் கையாண்டார். 1961இல் ஸ்வி கிரிலிகஸ் இதற்குப் புத்துயிர் கொடுத்தார்.

கார்டன் இரண்டு முறைகளையும் கையாண்டார். சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்களில் ஒவ்வோர் ஆண்டும் பொருளின் விவரக்குறிப்பும் விலையும் அச்சிடப்பட்டிருந்ததால், பல பத்தாண்டுகளுக்கான விலைகளை அவற்றிலிருந்து திரட்டினார். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கு நுகர்வோர் இதழ்களின் சோதனை முடிவுகள் உதவின. பயணிகள் விமானங்களுக்கு அவர் கையாண்ட அணுகுமுறையே எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஜெட் விமானத்தின் விலை பழைய சுழல்விசிறி விமானத்தைவிடப் பல மடங்காக இருக்கலாம். ஆனால் ஓர் இருக்கையை ஒரு மைல் கொண்டுசெல்ல ஆகும் எரிபொருளும் ஊழியர் செலவும் எவ்வளவு குறைந்தன, அதனால் விமான நிறுவனத்துக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த விலையின் பொருள் தெரியும். உங்கள் சி.என்.சி. இயந்திரத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும்: ஓர் உதிரிபாகத்துக்கு ஆகும் நேரம், கழிவு, ஆள்செலவு ஆகியவற்றைப் பாருங்கள்.

இந்த உழைப்பு 1990இல் நீடித்துழைக்கும் பொருள்களின் விலை அளவீடு பற்றிய பெரிய நூலாக வெளிவந்தது. 1947 முதல் 1983 வரையிலான காலத்தில், தொழில்துறைக் கருவிகளின் அதிகாரப்பூர்வ விலைக் குறியீடு உண்மையைக் காட்டிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி வேகமாக ஏறியிருந்தது என்பதே அதன் முடிவு. அளவீடு என்றால் எடுபிடி வேலை என்று எண்ணும் கோட்பாட்டாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் கிரீன்வுட், ஹெர்கோவிட்ஸ், குருசெல் ஆகிய மூன்று பொருளியலாளர்களும் 1997இல் இந்த எண்களை எடுத்துக்கொண்டு, போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஒரு மணிநேர உழைப்பின் உற்பத்தி வளர்ந்ததில் ஏறக்குறைய 60 சதவீதம் கருவிகளுக்குள் பொதிந்து வந்த தொழில்நுட்பத்தால் என்று காட்டியபோது, அவர்களுடைய கோட்பாடு நின்றது கார்டன் திரட்டிய விலைப்பட்டியல்களின் மேல்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: விலைவாசிக் குறியீடு உண்மையான விலையேற்றத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்பதுதான் எங்களைப் போன்றோரின் அனுபவம். அமெரிக்காவில் கார்டன் இடம்பெற்ற குழுவோ அது கூட்டிக் காட்டுகிறது என்றதாம். ஓய்வூதியத்தைக் குறைக்கச் செய்த வேலையா இது?

பதில்: உங்கள் ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது, அன்றைக்கு அமெரிக்க ஓய்வூதியர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இதையே கேட்டன. 1995இல் பொருளியலாளர் மைக்கேல் பாஸ்கின் தலைமையில் இந்தக் குழுவை அமைத்தது புள்ளிவிவரத் துறையன்று. வரவு–செலவுப் பற்றாக்குறை பெரிய அரசியல் சிக்கலாக இருந்த வேளையில் செனட் சபையின் நிதிக் குழு அமைத்தது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1975 முதலும், வருமான வரி அடுக்குகள் 1985 முதலும் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டிருந்தன. ஆகவே குறியீடு ஆண்டுக்கு 1 சதவீதப் புள்ளி குறைந்தாலும் அரசின் செலவு குறையும், வரி வருவாய் கூடும்.

ஆயினும் நோக்கத்தை வைத்து முடிவைத் தள்ளிவிட முடியாது. பாஸ்கின், கார்டன், கிரிலிகஸ், டேல் ஜோர்கன்சன், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எலன் டல்பெர்கர் ஆகிய ஐவரும் 1996 டிசம்பரில் தந்த அறிக்கை, நுகர்வோர் விலைக் குறியீடு வாழ்க்கைச் செலவை ஆண்டுக்கு 1.1 சதவீதப் புள்ளி மிகைப்படுத்துகிறது என்றது, 0.8 முதல் 1.6 வரை இருக்கலாம் என்றும் வரம்பு காட்டியது. பத்தாண்டு தொடர்ந்தால் இது 11 சதவீதத்தையும் தாண்டும். மாட்டிறைச்சி விலை ஏறினால் மக்கள் கோழிக்கு மாறுவதைக் குறியீடு கவனிக்காததால் 0.15; ஒரு வகை ஆப்பிளிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவது போன்றவற்றைச் சராசரி எடுக்கும் முறை தவறவிட்டதால் 0.25, மலிவு விலைப் பெருங்கடைகளுக்கு மக்கள் மாறியதைக் காணாததால் 0.10, எஞ்சிய 0.60 தர உயர்வும் புதிய பொருள்களும் காலந்தாழ்ந்து நுழைந்ததால். 1951இலேயே பரவலாக விற்ற அறைக் குளிர்சாதனம் குறியீட்டில் இடம்பெற்றது 1964இல். கைப்பேசி 1998இல்தான் சேர்ந்தது. ஒரு பொருளின் விலை மளமளவென்று இறங்கும் தொடக்க ஆண்டுகள் எல்லாம் கணக்குக்கு வெளியே கழிந்துவிட்டன.

என் கருத்தைச் சொல்கிறேன். முதல் இரண்டு பகுதிகளும் கணக்கிட்டு நிறுவக்கூடியவை. 0.60 என்ற கடைசிப் பகுதி, இருந்த சான்றுகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து, சான்று இல்லாத இடத்தில் மதிப்பீட்டை நம்பி எழுதப்பட்டது. அறிக்கையின் பாதிக்கு மேற்பட்ட எடை அதன்மேல் இருந்ததுதான் அதன் பலவீனம். தொழிலாளர் புள்ளியியல் பணியகம் 1999 ஜனவரி முதல் பெரும்பாலான அடிப்படைப் பிரிவுகளில், விலைகளைக் கூட்டி வகுக்காமல் பெருக்கி மூலம் காணும் பெருக்குச் சராசரி முறைக்கு மாறியது. 2002 முதல் நிறைகளை, அதாவது கூடையில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பங்குகளை, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தது. அதே ஆண்டில், மக்கள் ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதையும் கணக்கில் கொள்ளும் சங்கிலித் தொடர்க் குறியீடு ஒன்றையும் வெளியிடத் தொடங்கியது. 2018 முதல் வரி அடுக்குகள் அந்தச் சங்கிலிக் குறியீட்டுக்கு மாறின, ஓய்வூதியம் மாறவில்லை. எனவே ஓய்வூதியர்கள் அஞ்சிய வெட்டு சட்டமாக வரவில்லை. ஆனால் குறியீட்டின் கணக்குமுறை மாறியதன் வழியே உயர்வு சற்றுக் குறைந்தது.

உங்கள் அனுபவம் பொய்யன்று. குறியீடு ஒரு சராசரிக் குடும்பத்தின் கூடையை அளக்கிறது. முதியோரின் கூடையில் மருத்துவம் கனமாக இருக்கும். இந்தியாவில் 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதமாக இருந்தது, இந்த நிறை 2011–12 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. பெருக்குச் சராசரி முறை அந்தத் தொடரிலும் இருந்தது. கூடை பழையதாகிவிட்டால் அது யாருடைய செலவையும் சரியாகக் காட்டாது. அதற்காகப் பிழை எப்போதும் ஒரே திசையில்தான் இருக்கும் என்றும் கொள்ள வேண்டியதில்லை. வீட்டு வாடகையின் நீண்டகால வரலாற்றை ஆராய்ந்தபோது, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கக் குறியீடு வாடகை உயர்வைக் குறைத்தே காட்டியது என்று கார்டனே பின்னாளில் எழுதினார்.

வங்கி ஊழியர், விருதுநகர்: 1970களில் விலையேற்றமும் வேலையின்மையும் ஒருசேர உயர்ந்தபோது பழைய பேரினப் பொருளியல் தோற்றுவிட்டது என்று படித்திருக்கிறேன். கார்டன் அதை ஏற்றாரா?

பதில்: இல்லை. வேலையின்மை குறைந்தால் விலையேற்றம் கூடும் என்ற பிலிப்ஸ் கோட்டை அடியோடு கைவிடுவதற்குப் பதிலாக, அதில் விடுபட்டிருந்த காரணியைச் சேர்த்தார். எண்ணெய் போன்ற பொருளின் வழங்கலில் விழும் அதிர்ச்சி விலையையும் வேலையின்மையையும் ஒரே திசையில் தள்ளும் என்பதை 1975லேயே எழுதினார். பின்னர் இது ‘முக்கோண மாதிரி’ என்று பெயர் பெற்றது: விலையேற்றம் தன் பழைய வேகத்திலேயே தொடரும் மந்தத்தன்மை, தேவையின் அழுத்தம், வழங்கல் அதிர்ச்சி ஆகிய மூன்றும் சேர்ந்து விலையேற்றத்தைத் தீர்மானிக்கின்றன. எதிர்பார்ப்புகளை அடித்தளமாகக் கொண்ட புதிய கோட்பாடுகள் செல்வாக்குப் பெற்ற ஆண்டுகளில் இந்த மாதிரிக்குப் பல்கலைக்கழகங்களில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1990களின் பிற்பகுதியில் நிலை தலைகீழாயிற்று. வேலையின்மை குறைந்துகொண்டே போயும் விலையேற்றம் எழவில்லை. இறக்குமதிப் பொருள், எரிபொருள், கணினி ஆகியவற்றின் விலைச் சரிவும் மருத்துவச் செலவின் தணிவும் காரணம் என்று 1998இல் காட்டிய கார்டன், இன்னொன்றையும் சேர்த்தார்: விலையேற்றத்தை அளக்கும் முறை திருத்தப்பட்டதாலேயே அளந்த விலையேற்றத்தில் ஒரு பகுதி குறைந்திருந்தது. குறியீட்டைத் திருத்தச் சொன்ன குழுவில் இருந்தவரே தம் மாதிரியில் அந்தத் திருத்தத்தையும் ஒரு காரணியாக நுழைத்தது வேடிக்கையாக இருந்தாலும் முறையானதே.

வாசகர், சிங்கப்பூர்: தொடர்ந்து இரண்டு காலாண்டு உற்பத்தி சுருங்கினால் மந்தநிலை என்பார்கள். அமெரிக்காவில் ஒரு குழு கூடித் தேதி குறிப்பது எதற்காக?

பதில்: தேசியப் பொருளியல் ஆய்வகத்தின் வணிகச் சுழற்சித் தேதிக் குழுவைக் கேட்கிறீர்கள், 1978இல் அது அமைந்தபோதே கார்டன் அதில் உறுப்பினரானார். வேலைவாய்ப்பு, வருமானம், தொழில் உற்பத்தி, விற்பனை எனப் பல மாதாந்தர அளவுகளையும் அது சேர்த்துப் பார்க்கிறது. திருத்தப்பட்ட கணக்குகளின்படி 2001இல் அடுத்தடுத்த இரண்டு காலாண்டுகள் சுருங்கவில்லை. ஆனாலும் அவ்வாண்டு மார்ச் முதல் நவம்பர் வரை மந்தநிலை என்பதே குழுவின் முடிவு. 2020இல் பெருந்தொற்றால் வந்தது பிப்ரவரி உச்சத்திலிருந்து ஏப்ரல் வரை இரண்டே மாதம். பதிவானவற்றுள் மிகக் குறுகியது. குழு அவசரப்படுவதில்லை. 2009 ஜூனில் முடிந்த மந்தநிலையின் முடிவை 2010 செப்டம்பரில்தான் அறிவித்தது.

கல்லூரி விரிவுரையாளர், திருச்சி. மேலும் சிலர்: விலைக் குறியீடு மிகைப்படுகிறது என்றால் உண்மை வளர்ச்சி நாம் நினைப்பதைவிடக் கூடுதல் என்று ஆகிறது. அதைச் சொன்ன கார்டனே அமெரிக்க வளர்ச்சி தளர்ந்துவிட்டது என்று 2016இல் பெரிய நூல் எழுதுகிறார். இது முரண்பாடு இல்லையா?

பதில்: கடிதங்களில் பெரும்பாலானவை இதையே கேட்டிருந்தன, அவரைக் குறைகூறுவோரும் இங்கேதான் கைவைக்கிறார்கள். பணமதிப்பில் கண்ட வளர்ச்சியிலிருந்து விலையேற்றத்தைக் கழித்தே உண்மை வளர்ச்சியைப் பெறுகிறோம். ஆகவே விலையேற்றத்தை 1.1 புள்ளி கூட்டிச் சொன்னால் வளர்ச்சியை அதே அளவு குறைத்துச் சொல்கிறோம். இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் இன்றைய வளர்ச்சி அன்றைய வளர்ச்சியைவிடக் குறைவா என்று கேட்கும்போது, பிழை இருக்கிறதா என்பது கேள்வியன்று. பிழை எந்தக் காலத்தில் பெரிது என்பதே கேள்வி.

கார்டனின் விடை, அன்றைய பிழையே பெரிது என்பது. ஃபோர்டின் மாடல் டி காரின் விலை 1910இல் 950 டாலராக இருந்து 1923இல் 269 டாலராக இறங்கியது. மோட்டார் கார் விலைக் குறியீட்டில் சேர்ந்ததோ 1935இல். அந்தச் சரிவில் ஒரு காசுகூட வளர்ச்சிக் கணக்கில் ஏறவில்லை. குழாய்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880களில் வட கரோலினாவில் ஒரு குடும்பப் பெண் வீட்டுக்கு நீர் சுமக்க ஆண்டுக்கு 148 மைல் நடந்து, 35 டன் நீரைத் தூக்கினார் என்ற கணக்கை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார். குழாய் வந்தபோது தேசிய வருமானத்தில் சேர்ந்தது குடிநீர்க் கட்டணம் மட்டுமே. அந்த நடையும் சுமையும் ஒழிந்ததும், தூய நீரால் குழந்தைகள் பிழைத்ததும் எந்த ஏட்டிலும் வரவாக எழுதப்படவில்லை. மின்சாரம், கழிவுநீர்க் குழாய், தொலைபேசி, எரிவாயு ஆகிய எல்லாமே 1870ஐ ஒட்டிய வீட்டில் இல்லாதவை. 1940க்குள் அமெரிக்க நகரங்களின் வீடுகளில் பெரும்பாலும் நுழைந்துவிட்டவை.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டு எடுத்த கணக்கிலேயே, மொத்தக் காரணி உற்பத்தித்திறன் 1920 முதல் 1970 வரை ஆண்டுக்கு 1.89 சதவீதம் வளர்ந்ததாகவும், 1970 முதல் 2014 வரை 0.64 சதவீதமே வளர்ந்ததாகவும் அவர் காட்டுகிறார். விடுபட்டதைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியுமே தவிரச் சுருங்காது. பிற்காலத்திலோ அளவீடு மேம்பட்டுவிட்டது. 1985 இறுதியிலிருந்தே அமெரிக்க தேசியக் கணக்கில் கணினியின் தர உயர்வு பண்புவாரி முறையில் கழிக்கப்பட்டுவருகிறது.

மிகைப்பிழை எல்லாக் காலத்துக்கும் ஒன்றாகவே இருந்திருக்க முடியாது என்பதற்கு ஒரு நேரடிச் சான்றும் உண்டு. பாஸ்கின் குழு சொன்ன வேகத்தையே பின்னோக்கிச் சில நூற்றாண்டுகளுக்கு நீட்டிப் பாருங்கள். அன்றைய குடும்பங்களின் வருமானம் உருளைக்கிழங்கு வாங்கவும் போதாத அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் அம்மக்கள் உண்டார்கள், உடுத்தினார்கள், வீடு கட்டி வாழ்ந்தார்கள். இந்தச் சிக்கலைப் பொருளியலாளர் சார்லஸ் ஹல்டன் கிளப்பினார். கார்டன் 1914 முதல் 1993 வரையிலான துணிமணி விலைகளைச் சியர்ஸ் பட்டியல்களில் ஆராய்ந்து அதற்கு விடை தேடினார். பிழையின் அளவு பொருளுக்குப் பொருள், காலத்துக்குக் காலம் மாறுகிறது. சில இடங்களில் திசையும் மாறுகிறது. 1960களில் ஆலைக் கணக்கைத் தேடியவரும் 2016இல் வளர்ச்சித் தளர்வை எழுதியவரும் ஒரே ஆய்வைத்தான் தொடர்ந்தார்கள் என்பேன்.

எதிர்காலத்தைப் பற்றி அவர் சொல்வதில்தான் எனக்குத் தயக்கம். சமத்துவமின்மை, கல்வித் தேக்கம், மக்கள்தொகை முதுமை, அரசுக் கடன் ஆகிய எதிர்க்காற்றுகள் வளர்ச்சியை இழுக்கும் என்பதற்குப் புள்ளிவிவரம் உண்டு. புதிய கண்டுபிடிப்புகள் பழையவற்றுக்கு ஈடாகா என்பதோ கணிப்பு. இவான்ஸ்டனில் அவருடைய பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றும் பொருளாதார வரலாற்றாசிரியர் ஜோயல் மோக்கிர் நேர்மாறான கருத்துடையவர்: அறிவியல் கருவிகள் மேம்படும்வரை புதுமையும் வற்றாது என்பது அவர் வாதம். 2012இல் கார்டன் வாசகர்களிடம் வைத்த தேர்வு புகழ்பெற்றது. 2002 வரையிலான மின்னணுச் சாதனங்களோடு குழாய்நீரும் கழிப்பறையும் வேண்டுமா, அல்லது அதன்பின் வந்த எல்லாம் கிடைத்து, நீரை வெளியிலிருந்து சுமந்துவந்து, கழிப்பறையும் வீட்டுக்கு வெளியே இருக்கட்டுமா? விடை தெரிந்ததே. ஆனால் அது கடந்தகாலத்தின் பெருமையை நிறுவுகிறதே அன்றி, அடுத்த ஐம்பது ஆண்டில் என்ன வரும் என்பதை நிறுவவில்லை.

மென்பொருள் பொறியாளர், சென்னை: செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் அவர் இதே கருத்தில் இருக்கிறாரா?

பதில்: எரிக் பிரின்யோல்ஃப்சன் என்ற பொருளியலாளரோடு அவர் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறார். 2020இன் முதற்காலாண்டு முதல் 2029இன் இறுதிக் காலாண்டு வரை அமெரிக்காவின் வேளாண்மை சாராத் தனியார் துறையில் உற்பத்தித்திறன் ஆண்டுக்குச் சராசரியாக 1.8 சதவீதத்துக்கு மேல் வளரும் என்பது பிரின்யோல்ஃப்சனின் கட்சி; வளராது என்பது கார்டனின் கட்சி. பந்தயம் முடியும்வரை இருவரும் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் எண்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; அந்த எண்களும் பின்னர்த் திருத்தத்துக்கு உட்பட்டவையே.